பாதிக் குதிரைக்குப் பதினாலாயிரம்

மாதம் 14,000 ரூபாய் கட்டுகிறேன். அதற்கு எனக்குக் கிடைப்பது பாதிக் குதிரை. எந்தப் பாதி என்று அலுவலகத்தில் கேட்காத ஆள் இல்லை. முன்பாதி என்று சொல்லி வைத்திருக்கிறேன். தின்கிற பாதி அதுதான் என்பதால் செலவுக் கணக்கும் ஒத்துப்போகிறது.

புதுச்சேரியில் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் எனக்கு வேலை; வீடு கடலூர் மஞ்சக்குப்பம். இரண்டுக்கும் நடுவே, கன்னியக்கோயிலில் திரும்பிப் பாகூர் போகிற வழியில், வயல்களுக்குள் ஒதுங்கியிருக்கும் ஒரு குதிரை லாயத்தைப் பற்றியது இந்த மதிப்புரை. குறைகளையும் எழுதுவேன் என்று உரிமையாளரிடம் முன்பே சொன்னேன். "எழுதுங்கள், பெயரை மட்டும் விட்டுவிடுங்கள்" என்றார். விட்டுவிட்டேன்.

பாதிப் பங்கு என்றால் இதுதான். குதிரை, லாயத்துக்காரர்களுக்குச் சொந்தம். செவ்வாய், வியாழன், சனி எனக்கு; புதன், வெள்ளி, ஞாயிறு பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணுக்கு; திங்கள் குதிரைக்கு விடுமுறை. தீனி, பராமரிப்பு, லாயத்து ஆள் கூலி எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம். லாடம், மருத்துவர் செலவில் இருவரும் சரிபாதி. பயிற்சி வகுப்புக்குத் தனியாக 700 ரூபாய். சொந்தக் குதிரை வாங்கிக் கட்டி வைத்தால் ஆகிற செலவைத் தொழில் புத்தியோடு ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன்.

என் குதிரையின் பெயர் சொல்தா; பிரெஞ்சில் சிப்பாய் என்று பொருள். உரிமையாளரின் தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். வீட்டுக்கே சொல்தா வீடு என்று பெயர். அந்த நினைவில் வைத்தது. கிண்டியில் பந்தயம் ஓடி, ஆறு வயதில் வேகம் போதாது என்று கழிக்கப்பட்டு இங்கே வந்தவன். இப்போது பதின்மூன்று வயது. தமிழ்நாட்டில் சவாரி கற்கிற பலர் முதலில் ஏறுவது இப்படிக் கழித்துவிடப்பட்ட பந்தயக் குதிரைகளின் முதுகில்தான். ஓட மட்டுமே பழக்கப்பட்ட குதிரையை வட்டத்தில் வளைந்து நடக்கவும், தடைக்கு முன் காலடியைக் குறைக்கவும் பழக்க வருடக்கணக்கில் ஆகும். இங்குள்ள பயிற்சியாளர் அதைப் பொறுமையாகச் செய்திருக்கிறார். வகுப்புக்கு என் பணம் வீண் போனதாக ஒருநாளும் தோன்றியதில்லை. அதோடு வகுப்பைப் பற்றி முடித்துக்கொள்கிறேன். நல்ல பயிற்சியாளர் வேறு ஊர்களிலும் கிடைப்பார்.

அலுவலகம் போகிறவளுக்கு லாயத்தில் முதலில் பார்க்க வேண்டியது குளியலறை. சிரிக்காதீர்கள். காலை நாலேகாலுக்கு எழுந்து, ஐந்தே காலுக்குச் சேணம் கட்டி, ஆறரைக்குக் குதிரையைக் கழுவி விட்டு, ஒன்பதரைக்குள் புதுச்சேரியில் நாற்காலியில் உட்கார வேண்டும். குதிரை வியர்வை, மூத்திரம் நனைத்த வைக்கோல், சேணத்துக்குப் போடும் எண்ணெய் மூன்றும் கலந்த வாசனையோடு ஒருமுறை வாடிக்கையாளர் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டேன். அறையில் யாரோ பூனை இருக்கிறதா என்று தேடினார்கள். இந்த லாயத்தில் குளியலறை உண்டு, தண்ணீர் உண்டு, துணி மாட்ட ஆணியும் உண்டு. தாழ்ப்பாள் மட்டும் கிடையாது. இரண்டு வருடமாகச் சொல்கிறேன். உள்ளே இருப்பதற்கு அடையாளமாகக் கதவில் கடிவாளத்தைத் தொங்கவிடுவது வழக்கமாகிவிட்டது. உடை வைக்கத் தனி இரும்புப் பெட்டி கேட்டேன். அதை மறுவாரமே வாங்கி வைத்தார்கள். தாழ்ப்பாளில் என்ன சிக்கலோ தெரியவில்லை.

அடுத்தது நோட்டு. இதற்காகத்தான் இந்த மதிப்புரையையே எழுதுகிறேன். லாயத்தில் வேலை பார்க்கும் பெரியவருக்கு அறுபதைத் தாண்டியிருக்கும். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு வைத்திருக்கிறார். கொள்ளு எத்தனைப் படி, புல் எத்தனைக் கட்டு, எத்தனை வாளித் தண்ணீர் குடித்தது, எத்தனை முறை சாணம் போட்டது, யார் ஏறினார்கள், எவ்வளவு நேரம் என்று தினமும் எழுதுவார். சாணக் கணக்கு வேடிக்கையாகத் தெரியலாம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. வயிற்றில் எது சிக்கினாலும் கீழ்வழியாகத்தான் போக வேண்டும். சாணம் நின்றால் ஆபத்து வாசலுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். போன வருடம் ஒரு புதன்கிழமை இரவு 11.40க்கு எனக்குத் தொலைபேசி வந்தது. "பாப்பா, மத்தியானத்திலிருந்து இவன் சாணம் போடவில்லை, விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறான்" என்றார். நான் வண்டியை எடுப்பதற்குள் மருத்துவருக்குச் சொல்லியாகிவிட்டது. போய்ச் சேர்ந்தபோது பெரியவர் சொல்தாவைக் கயிற்றில் பிடித்து நடத்திக்கொண்டிருந்தார். விடியற்காலை நாலு மணிக்கு அவன் போட்ட சாணத்தைப் பார்த்து நான் அழுதேன். காலையில் நேராக அலுவலகம்.

நான் இல்லாத நாலு நாட்களில் குதிரைக்கு என்ன நடக்கிறது என்பதைக் கண்ணாடிபோலக் காட்டுகிற அந்த நோட்டுக்குத்தான் 14,000 ரூபாய். வாரம் மூன்று காலை சவாரி செய்கிறவள் போட்டிக்குப் போக முடிகிறதென்றால், மற்ற நாட்களில் இன்னொருவர் கை அந்தக் குதிரைமேல் ஒழுங்காக இருக்கிறது என்பதே காரணம்.

அதே நோட்டுத்தான் இந்த லாயத்தை எனக்குக் காட்டியும் கொடுத்தது. ஒரு சனிக்கிழமை சொல்தா வாயைத் தொடவே விடவில்லை. கடிவாளம் லேசாக இழுபட்டாலும் தலையைத் தூக்கி உதறினான். உதட்டோரம் புண். முந்தைய நாள் யாராவது ஏறினார்களா என்று உரிமையாளரிடம் கேட்டேன். அந்தப் பள்ளிப் பெண்ணைத் தவிர யாரும் இல்லை என்றார். நோட்டைப் புரட்டினேன். "வெள்ளி மாலை: விருந்தாளி 3 பேர், 1 மணி 10 நிமிடம்" என்று பெரியவர் கையெழுத்து. வார இறுதிக்குப் புதுச்சேரி வந்த சுற்றுலாப் பயணிகள். சவாரி தெரியாதவர்கள் விழாமல் இருக்கக் கடிவாளத்தைப் பிடித்துத் தொங்குவார்கள். குதிரைக்கு அது வாயில் இரும்பைப் போட்டு ஆட்டுவது. உரிமையாளர் நோட்டைப் படிக்கிறதில்லை, நான் படிப்பேன் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தணிக்கையில் இருபது வருடமாக நான் பார்த்துவரும் கதைதான்: முதலாளி ஒன்று சொல்வார், பேரேடு ஒன்று சொல்லும். பங்குக் குதிரையில் வெளியாள் ஏறக்கூடாது என்று எழுதி வாங்கிக் கையெழுத்தும் போட வைத்தேன். அதன்பிறகு நடக்கவில்லை. நோட்டைப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

தீனியில் ஒரு விஷயம். முதலில் கோ-4 புல்லை மட்டுமே போட்டுக்கொண்டிருந்தார்கள். மாட்டுக்கு நல்ல தீவனம். ஆனால் அந்த வகைப் புல்லில் ஆக்சலேட் அதிகம். குதிரை உடம்பில் சுண்ணாம்புச் சத்து சேரவிடாது, நாள்பட்டால் எலும்பைக் கெடுக்கும். மருத்துவர் சொன்ன பிறகு குதிரைமசால் என்ற தீவனப் பயிரைக் கலக்க ஆரம்பித்தார்கள். பெயரிலேயே குதிரை இருக்கும்போது முதலிலேயே தோன்றியிருக்கலாம். வாடகைத் தலைக்கவசங்களும் பழசு, உள்ளே இருக்கிற மெத்தை நசுங்கிப்போனவை. ஒருமுறை பலமாக அடிபட்ட கவசத்தைத் தூக்கிப் போட வேண்டும் என்பது அடிப்படை. சொந்தமாக வாங்கிக்கொண்டு போங்கள்.

போட்டிக்குப் போவதில் இந்த லாயம் செய்யும் உதவி பெரியது. எங்கள் அலுவலகத்தில் மாதத்தின் 11ஆம் தேதியும் 20ஆம் தேதியும் ஜிஎஸ்டிக் கெடு. செப்டம்பர் 30 வருமானவரித் தணிக்கைக் கெடு. என் பெரிய முதலாளிக்குக் குதிரை என்றால் தேசிங்கு ராஜா, இல்லையென்றால் ஊர் எல்லையில் அய்யனாருக்கு முன் நிற்கிற மண்குதிரை. "இதற்கெல்லாம் மெடல் உண்டா அம்மா?" என்பார். 2023 செப்டம்பர் 26, கெடுவுக்கு நாலு நாள் இருக்கையில், ஹாங்சோ ஆசிய விளையாட்டில் டிரெஸ்ஸாஜ் என்கிற, குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக் காட்டும் போட்டியின் அணிப் பிரிவில் இந்தியா தங்கம் வாங்கியது. குதிரையேற்றத்தில் 1982 டெல்லிக்குப் பிறகு 41 வருடம் கழித்துக் கிடைத்த தங்கம். நாலு பேர் கொண்ட அணியில் இரண்டு பேர் பெண்கள். இந்த விளையாட்டில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் போட்டி கிடையாது என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது. ஜனவரியில் பெங்களூரு போக விடுப்புக் கேட்டேன், தலையாட்டிவிட்டார்.

லாரி, தீனி, கூட வர ஆள், எல்லாம் லாயத்து ஏற்பாடு. இரண்டு குதிரை சேர்ந்து போனதால் லாரிச் செலவு பாதியானது. நான் தாண்ட வேண்டிய உயரம் 90 செ.மீ. போட்டி நாள் 20ஆம் தேதி, சனிக்கிழமை. வேறு தேதியில் வந்தால்தான் ஆச்சரியம். தீனிப் பெட்டிமேல் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்து ஒரு வாடிக்கையாளரின் கணக்கைத் தாக்கல் செய்துகொண்டிருந்தேன். ஓடிபி வரவில்லை. பெரியவர் சொல்தாவின் குளம்பைத் துடைத்தபடி, "அது வரும் பாப்பா, நீ பூட்ஸைப் போடு" என்றார். ஓடிபி வந்தது, தாக்கல் ஆனது, களத்துக்குள் போனேன். ஐந்தாவது தடையில் ஒரு கம்பு விழுந்தது. 4 தண்டப் புள்ளி. தவறு என்னுடையது, குதிரையின் காலடியை எண்ணாமல் சீக்கிரம் முன்னால் சாய்ந்துவிட்டேன்.

அடுத்த ஜனவரியில் போக முடியவில்லை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தது. அடுத்து சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, கடலூர்ப் பக்கமும் பாகூர் பக்கமும் ஊருக்குள் புகுந்தது. இரண்டு நாள் யாருடைய தொலைபேசியும் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு டிராக்டரில் ஏறிப் போய்ச் சேர்ந்தேன். ஒன்பது குதிரைகளும் ஒரு நெல் களத்து மேட்டில் நின்றன. உரிமையாளர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, தன் வீட்டு அரிசி மூட்டைகளை விட்டுவிட்டுக் கொள்ளு மூட்டைகளைத் தூக்கிக்கொண்டிருந்தார். சுற்றுலாப் பயணிகள் விஷயத்தில் அவர்மேல் எனக்கிருந்த கோபம் அன்றைக்குப் பாதி தீர்ந்தது. ஈரத்தில் நின்றதால் சொல்தாவுக்குக் குளம்பு அழுகல் வந்து மூன்று வாரம் ஏற முடியவில்லை. அந்த மாதத்துக்கும் முழுத் தொகை வாங்கினார்கள். குதிரை சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தது. சவாரிக் களத்தில் மணல் போட்டு வடிகால் வெட்டுவதாகச் சொன்னார்கள். மணல் வந்துவிட்டது. வடிகால் இன்னும் வரவில்லை. நல்ல மழை பெய்தால் இரண்டு நாள் களத்தில் கொக்கு நிற்கும்.

ஐந்துக்கு நாலு நட்சத்திரம். பிடித்துக்கொண்ட ஒன்றில் பாதி வடிகாலுக்கு, பாதி தாழ்ப்பாளுக்கு.

இப்போது ஒரு பெட்டைக் குதிரையில் பாதிப் பங்கு காலியாக இருக்கிறது. பதினொரு வயது, தடை தாண்டுவதில் சொல்தாவைவிடத் துணிச்சல், கூட்டத்தைக் கண்டால் மட்டும் மிரளும். பார்க்கப் போகிறவர்கள் கன்னியக்கோயிலில் பஸ்ஸை விட்டு இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கலாம். காலை ஏழுக்குள் போங்கள். முதலில் பெரியவரிடம் அதன் நோட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.