வேலூர் வெயிலுக்கு எந்த அலங்கார இஞ்சி?

நர்சரியில் சிவப்பு இஞ்சி பூத்து நிற்கும்போது பார்த்தால் யாருக்கும் கை சும்மா இருக்காது. ஆனால் காட்பாடி, சத்துவாச்சாரி பக்கம் வாங்கிப் போனவர்கள் வீட்டில் பெரும்பாலும் இலைதான் இருக்கிறது. உரம் போதவில்லை என்று யூரியாவை அள்ளிப் போடுகிறார்கள். இலை இன்னும் செழிக்கிறது, பூவைக் காணோம். என்னைக் கேட்டால், அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டும் ஊரில் உரத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். கோடையை அந்தச் செடி எப்படிக் கழிக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

சிவப்பு இஞ்சி நியூ கலிடோனியா, வனுவாட்டு போன்ற பசிபிக் தீவுகளின் செடி. அதற்கு ஓய்வுக்காலமே கிடையாது. வருடம் முழுக்க ஈர மண்ணும் ஈரக்காற்றும் கேட்கும். நம் ஊர் வைகாசிக் காற்றில் இலை ஓரம் கருகும். போர் தண்ணீரின் உப்பு சேர்ந்தால் நுனியும் போகும். நாம் பூ என்று சொல்லும் சிவப்பு உண்மையில் மடல்தான், பூவை மூடி நிற்கும் நிற இலை. நிஜப் பூ வெள்ளையாக, சின்னதாக, அந்த மடலிடுக்கில் எட்டிப் பார்க்கும். முற்றிய கொத்தை வெட்டாமல் விட்டால் மடலுக்கு நடுவே குட்டிச் செடிகள் முளைக்கும், பிய்த்து நட்டால் பிழைக்கும். தென்னையோ மாமரமோ நிழல் தர, கிணற்றடி ஈரமும் இருக்கிற வீட்டுக்கு இது சரி. மொட்டை மாடிக்கு வேண்டாம். ஏலகிரியில் வீடு இருப்பவர்களுக்குக் கதையே வேறு, அவர்கள் தாராளமாக வைக்கலாம்.

வெள்ளை இஞ்சி லில்லிக்கு என் ஓட்டு. கிழக்கு இமயமலைச் செடி, கியூபாவின் தேசியப் பூ. சாயங்காலம் விரிந்து வாசனை வாசல் வரை வரும். ஒரு பூ ஒரு நாள்தான் தாங்கும். ஆனால் ஒரே கொண்டையிலிருந்து நாள்தோறும் புதுப்பூ வந்துகொண்டே இருக்கும். தண்ணீர் தேங்கும் இடத்தில்கூட வளரும். கோடையில் இலை பார்க்கச் சகிக்காது, உண்மைதான். வேரடியில் வைக்கோலோ சருகோ மூடி ஈரம் காத்தால் கிழங்கு தப்பிவிடும், மழை தொடங்கியதும் புதுத்தண்டு கிளம்பும். பூ அந்தப் புதுத்தண்டின் உச்சியில்தான். ஒருமுறை பூத்த தண்டு மறுபடி பூக்காது, தரையோடு வெட்டிவிடலாம். கிழங்கை ஆழமாகப் புதைக்காதீர்கள். இரண்டு மூன்று வருடத்தில் கிழங்குகள் நெருக்கியடித்துப் பூ குறையும்போது பிரித்து நடுங்கள்.

வெட்டுவதில் இதற்கு நேர் எதிர், மஞ்சள் வரி இலை கொண்ட ஷெல் இஞ்சி. போன வருடத்துத் தண்டில்தான் அது பூக்கும். பொங்கலுக்கு முன் 'சுத்தம்' செய்கிறேன் என்று வெட்டித் தள்ளுபவர்கள் வீட்டில் பூ வரவே வராது. இலை அழகே போதும் என்றால் வாங்குங்கள்.

மாடித்தோட்டத்துக்கு சயாம் டியூலிப். தாய்லாந்துச் செடி. பெயரில்தான் டியூலிப், இனத்தால் நம் மஞ்சளின் பங்காளி. பொங்கலுக்கு மஞ்சள் கொத்து வளர்க்கிற கைக்கு இதன் நாட்காட்டி பழக்கமானதே: சித்திரை கடைசியிலோ வைகாசியிலோ நடவு, இரண்டரை மூன்று மாதத்தில் பூ, தையில் கிழங்கு. கொளுத்தும் மாதங்களைக் கிழங்காகத் தூங்கியே கடத்திவிடும். பகல் நேரம் குறைவதுதான் அதைத் தூங்க வைக்கிறது. அங்கேதான் நமக்கு ஒரு சிக்கல். அது இலை பழுத்து அடங்கப் பார்க்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் இங்கே அடைமழை. தொட்டியில் களிமண் நிரப்பியிருந்தால் கிழங்கு அழுகும். மழை பிடித்ததும் தொட்டியை சன்ஷேடு அடிக்கு நகர்த்துங்கள், இலை மஞ்சளானதும் தண்ணீரை நிறுத்துங்கள்.

இன்சுலின் செடியையும் இஞ்சி என்று விற்கிறார்கள். அது தூரத்து உறவு, வேறு குடும்பம். ஆரஞ்சுப் பூ அழகாக இருக்கும், வெயிலும் தாங்கும், அவ்வளவுதான்.

உரத்தில் ஒன்று மட்டும். பூவுக்குச் சாம்பல் சத்து (பொட்டாஷ்) வேண்டும் என்று அடுப்புச் சாம்பலைக் கொட்டாதீர்கள். நம் தண்ணீரும் மண்ணும் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளவை, சாம்பல் அதை இன்னும் ஏற்றும். மியூரேட் பொட்டாஷில் குளோரைடு உப்பு வேறு. சல்பேட் பொட்டாஷ் கொஞ்சம், மண்புழு உரம் தாராளம். மாடியில் விழும் மழைநீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

சயாம் கிழங்கு வாங்கும்போது அடியைத் திருப்பிப் பாருங்கள். சின்னச் சின்ன உருண்டைகள் தொங்கும். செடி தண்ணீரும் மாவும் சேர்த்து வைப்பது அவற்றில்தான். அவை உடைந்துபோன கிழங்கும் முளைக்கும், ஆனால் தாமதமாக வரும், அந்த வருடப் பூவும் குறையும்.