லேசிக் (கண்ணாடிய கழட்ட கண்ணுல பண்ற லேசர் ஆபரேஷன்) பண்ணி மூணு வருஷம் ஆச்சு, டிரை ஐ (கண்ணு காயுற பிரச்சனை) கதைய சொல்றேன்

ரெண்டு கண்ணுலயும் பவர் மைனஸ் அஞ்சரை. தண்டையார்பேட்டைல இருந்து எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்ல டெய்லி பைக், ஹெல்மெட்டுக்குள்ள கண்ணாடிய சொருகி சொருகி வெறுத்துப்போய் 2021 டிசம்பர்ல லேசிக் பண்ணிக்கிட்டேன். மறுநாள் காலைல எதிர்வீட்டு மொட்டமாடி கொடில மாட்டியிருந்த கிளிப்பு வரைக்கும் தெரிஞ்சுது. பார்வைல இன்னிக்கு வரைக்கும் ஒரு குறையும் இல்ல, அதை முதல்லயே சொல்லிடறேன்.

ரெண்டாவது வாரம் ஆரம்பிச்சுது. ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்தா இமை கண்ணோட ஒட்டிக்கிட்டு இருக்கும், சட்டுனு தொறந்தா ஏதோ பிய்யுற மாதிரி சுருக்குனு வலி, அதனால மூடின இமைக்குள்ளயே முழிய அப்படி இப்படி உருட்டிட்டு மெதுவா தொறக்க பழகினேன். பகல்ல கன்டெய்னர் லாரி பின்னாடி மாட்டினா தண்ணியா கொட்டும். அம்மா "இன்னாடா, அழுதாமேரி கீது"ன்னாங்க. தண்ணி வர்ற கண்ணு எப்படி சார் டிரை ஐன்னு டாக்டர்கிட்டயே கேட்டேன், காஞ்சு உறுத்துறதால தான் அப்படி ஒரேடியா கொட்டுது, கண்ணுல நிக்காதுன்னாரு. லேசிக்ல கார்னியாவுல (கண்ணோட முன்பக்கம் இருக்குற கண்ணாடி மாதிரி படலம்) மூடி மாதிரி மெல்லிசா ஒரு ஃபிளாப் வெட்டும்போது அங்க இருக்குற நரம்பும் வெட்டுப்படுது, அதனால கண்ணு காயுறது கண்ணுக்கே சரியா உறைக்காம கண்ணீரும் சிமிட்டறதும் குறைஞ்சிடுதாம். (முதல் ரெண்டு மாசம் வெங்காயம் நறுக்கினா எனக்கு எரியவே இல்ல, ஏதோ வரம்னு நெனச்சேன்!)

கீழ் இமைல பேப்பர் பட்டைய சொருகி அஞ்சு நிமிஷம் விடுவாங்க, ஷிர்மர் டெஸ்ட்டு. 10 மில்லிமீட்டருக்கு மேல நனைஞ்சா ஓகே, எனக்கு 4. கடுப்பு என்னன்னா இதை ஆபரேஷனுக்கு முன்னாடி யாரும் எடுக்கல, எட்டு வருஷம் காண்டாக்ட் லென்ஸ் போட்டவன்னு தெரிஞ்சும் எடுக்கல, "கொஞ்சம் டிரை ஆகும், ஆறு மாசத்துல போயிடும்"னு ஒரு வரில முடிச்சிட்டாங்க. நிறைய பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள போயிடுது தான், எனக்கு போகல.

சாதா சொட்டு மருந்த ஒரு நாளைக்கு பத்து வாட்டி ஊத்தினேன், அதுல கெடாம இருக்க சேர்க்கற பிரிசர்வேட்டிவே உறுத்தும்னு அப்புறம் தான் தெரிஞ்சுது, இப்போ பிரிசர்வேட்டிவ் இல்லாத குட்டி குட்டி டியூப் தான், காசு தான் கூட. டிரை ஐக்கு குடுக்கற சைக்ளோஸ்போரின் சொட்டு மருந்து எரியும், ரெண்டு மூணு மாசம் விடாம போட்டா தான் வேலை செய்யும். பெரிய வித்தியாசம் தெரிஞ்சது கண்ணீர் வடிஞ்சு போகாம இருக்க, அது வடியுற ஓட்டைய அடைக்க வெச்ச குட்டி பிளக்ல தான், வெச்சது கூட தெரியல.

தங்கச்சிக்கும் லேசிக் பண்ணனுமாம். முதல்ல அந்த பேப்பர் டெஸ்ட்டுக்கு சனிக்கிழமை கூட்டிட்டு போறேன்.