அரசின் பொறுப்பு எதுவரை: பன்னாட்டுக் கருத்தாய்வுத் தரவு ஒரு மதிப்பீடு

அரசு எதையெல்லாம் செய்ய வேண்டும் என்று பல நாட்டு மக்கள் கருதுவதை ஒப்பிட விரும்புவோருக்கு, பல நாடுகளில் ஒரே வினாக்களைக் கேட்டுக் கருத்தாய்வு நடத்தும் ஐஎஸ்எஸ்பி (பன்னாட்டுச் சமூகக் கருத்தாய்வுத் திட்டம்) அமைப்பின் ‘அரசின் பங்கு’ தொகுப்பை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். 1985, 1990, 1996, 2006, 2016 ஆகிய ஆண்டுகளுக்கான தரவுகளை ஜெர்மனியின் கெசிஸ் என்ற சமூக அறிவியல் தரவு ஆவணகத்தில் பதிவு செய்துகொண்டு கட்டணமின்றித் தரவிறக்கலாம்.

இதன் பெரும் பலம் வினாக்களின் நேர்மை. மருத்துவம், கல்வி, ஓய்வூதியம் போன்றவற்றுக்கு அரசு கூடுதலாகச் செலவிட வேண்டுமா என்று கேட்கும்போதே, ‘மிக அதிகமாக’ என்று பதிலளித்தால் அதற்காக வரியை உயர்த்த நேரிடலாம் என்பதையும் நினைவூட்டிவிடுகிறார்கள். விலையேதும் இல்லை என்றால் எல்லாவற்றையும் கேட்பது மனித இயல்புதானே! வேலை தருவதும் வருமான ஏற்றத்தாழ்வைக் குறைப்பதும் அரசின் பொறுப்பா என்ற வினாக்களுக்கு, ‘நிச்சயமாக ஆம்’ முதல் ‘நிச்சயமாக இல்லை’ வரை நான்கு விடைகளே உள்ளன. நடுவில் ஒதுங்க இடமில்லை. கிழக்கு, மேற்கு ஜெர்மானியரின் விடைகளைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடிவதும், கிழக்கில் அரசிடம் எதிர்பார்ப்பு மிகுந்திருப்பதைக் காண முடிவதும் ஆய்வாளருக்குப் பெரும் பேறு.

குறையும் உண்டு. பங்கேற்கும் நாடுகளில் வசதி படைத்தவையே மிகுதி. ஆப்பிரிக்கா பெரும்பாலும் விடுபட்டுள்ளது. புள்ளியியல் மென்பொருள் அறியாதவர் குறியீட்டு ஏட்டை (தரவில் உள்ள எண்கள் எந்த வினாவையும் விடையையும் குறிக்கின்றன என்று விளக்கும் கையேட்டை) பொறுமையாகப் படித்த பிறகே தரவைத் தொட வேண்டும்.