பால் மில்லின் உட்சுவருக்கு எஃகு லைனரா, ரப்பர் லைனரா?

பால் மில் (ball mill) என்பது உள்ளே கிடக்கும் பந்துகள் விழுந்தும் உருண்டும் தாது போன்றவற்றை அரைக்கும் சுழலும் உருளை. அதை மேம்படுத்த முனைவோர் பெரும்பாலும் மோட்டாரைப் பற்றியே பேசுகிறார்கள். ஆனால் பந்துகள் எவ்வளவு உயரம் தூக்கப்பட்டு எங்கே விழுகின்றன என்பதில், உட்சுவரை மூடிக் காக்கும் உறையான லைனரின் வடிவத்துக்குப் பெரும்பங்கு உண்டு.

பந்துகள் சுவரோடு ஒட்டிச் சுழலத் தொடங்கும் மாறுநிலை வேகத்தில் சுமார் 65 முதல் 80 விழுக்காட்டில் இயங்கும் ஆலையில், பெரிய பந்துகள் விழுந்து கரடான தாதுவை உடைக்க வேண்டுமானால், அந்த மோதலுக்கு எஃகே ஏற்றது. சிமென்ட் போன்ற உலர் அரவையில் எழும் வெப்பத்தையும் அது தாங்கும். சாதாரண ரப்பர் அதில் விரைவில் கெட்டுவிடும்.

சிறிய பந்துகளால் நுண்ணியதாக அரைக்கும் ஈர அரவையின் இரண்டாம் கட்டத்தில், என் கணிப்பில், ரப்பரே மேல். அடர்த்தியில் எஃகின் ஏழில் ஒரு பங்கு அளவே உள்ள அது பேரிங்குகளின் சுமையைக் குறைக்கிறது, மாற்றுவதற்கு எளிதாயிருக்கிறது, போல்ட் துளைகளில் கூழ் கசிவதைத் தடுக்க உதவுகிறது, இரைச்சலையும் வெகுவாக அடக்குகிறது (ஆலையருகே நின்றவர்களுக்கு இதன் அருமை புரியும்). தடிமனாகப் பொருத்த வேண்டியிருப்பதால் உட்கொள்ளளவு சற்றுக் குறையும் என்பதே அதன் குறை.

எதைத் தேர்ந்தாலும், லைனரில் துருத்தி நின்று பந்துகளைத் தூக்கிவிடும் தூக்குப்பட்டையின் முகக்கோணம் செங்குத்தாகிவிட்டால் பந்துகள் அரைபடும் பொருளைத் தாண்டிப் போய் லைனரையே தாக்கும்.