மேடைக்குப் பின்னால் ஒரு சந்தா இருக்கை

நகர சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் சீசன் சந்தா விலை குறைந்திருக்கிறதே, எடுக்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். குறைந்திருப்பது மேடைக்குப் பின்புற இருக்கைகளுக்கு மட்டும். பல சீசன்களாக நான் உட்காருவது அங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

விருந்தினராக வரும் பாடகர் முன்பக்கம் பார்த்துத்தான் பாடுவார். குரலில் சொல்லைத் தெளிவாக்கும் மேல் அதிர்வெண்கள் வாய் நோக்கும் திசையிலேயே போகும். பின்னால் நமக்கு வந்து சேர்வது சுவரில் பட்டுத் திரும்பிய மிச்சம். ஜெர்மன் இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் 1948-ல் எழுதிய 'நான்கு கடைசிப் பாடல்கள்' நிகழ்ச்சியில் இது என்னை மிகவும் வதைத்தது. சொப்ரானோ, அதாவது உச்சக்குரல் பாடகி, பாடிய ஒரு வரியைக்கூடப் பிடிக்க முடியவில்லை. முன்வரிசையில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்துத்தான் எப்படிப் பாடியிருப்பார் என்று ஊகித்தேன். ஆர்க்கெஸ்ட்ராவோடு பியானோ தனித்து முன்னிற்கும் பியானோ கான்செர்ட்டோவிலும் இதே கதைதான். பியானோவின் தூக்கி வைத்த மூடி ஒலியை எதிர்ப்பக்கம் திருப்பிவிடும், நமக்கு மழுங்கிய சத்தம்.

ஆனால் அதே ஸ்ட்ராஸ் இரவில் இன்னொன்றும் நடந்தது. இரண்டாவது பாடலான 'செப்டம்பர்', பிரெஞ்சு ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவியின் தனி வாசிப்போடு முடிவடைகிறது. ஹார்னில் ஒலி வெளியேறும் அகன்ற வாய் பின்பக்கம் பார்த்தது. அந்த ஒலி நேராக எங்களிடம் வந்தது. அவ்வளவு மிருதுவாக, அவ்வளவு கிட்டத்தில். இதற்காகவே இந்த இருக்கை என்று தோன்றியது. ஆர்க்கெஸ்ட்ராவை வழிநடத்துபவரின் முகமும் இங்கிருந்துதான் தெரியும். ஒரு கருவி வாசிக்கத் தொடங்கும் முன் அவர் மூச்சிழுப்பதைப் பார்த்தாலே அடுத்து வரும் ஒலி எப்படி இருக்கும் என்று புரிந்துவிடும். முன்வரிசையில் இருப்பவர்களுக்கு அவர் முதுகுதான்.

சரி, கொயர் என்ற சேர்ந்து பாடும் பெரிய குழு வரும் இரவுகளுக்கு வருகிறேன். எங்கள் இருக்கைகள்தான் கொயரின் இருக்கைகள். அதனால் அன்றைக்கு எங்களை மேல்மாடத்தின் ஓரத்துக்கு மாற்றிவிடுவார்கள். அதைச் சில நாட்களுக்கு முன்புதான் சொல்வார்கள். சீசன் அட்டவணை மாதக்கணக்கில் முன்பே அச்சாகிறது. கொயர் எந்த இரவில் வரும் என்பது அப்போதே தெரியாதா? சந்தா வாங்கும்போதே சொன்னால் என்ன?

இத்தனைக்கும் அந்த ஓரத்தில் இருந்து கேட்ட இத்தாலிய இசையமைப்பாளர் வெர்டியின் ரெக்வியம், அதாவது இறந்தவர்களுக்கான பிரார்த்தனை இசைதான் இந்த சீசனின் சிகரம். எல்லோரும் அதில் வரும் 'டியெஸ் இரே' பகுதியின் பெரிய டிரம்மைப் பற்றிப் பேசுகிறார்கள். எனக்கு ஆரம்பம்தான் பெரிது. கேட்கிறதா இல்லையா என்ற அளவில் கொயர் முதல் சொல்லை உச்சரித்தது. இத்தனை பேர் அவ்வளவு மெதுவாகப் பாடுவதற்கு எவ்வளவு ஒத்திகை வேண்டியிருக்கும்! பலர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பாட வருபவர்கள். அப்புறம் 'தூபா மீரும்' பகுதியில் மேடைக்கு வெளியே நின்ற டிரம்பெட்டுகள் மேடையில் இருந்தவற்றுக்குப் பதில் சொன்னபோது அரங்கமே சுற்றிவளைக்கப்பட்டது போல இருந்தது. நான்கு தனிப்பாடகர்களின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

அதனால்தான் கோபம் கூடுகிறது. இவ்வளவு நன்றாக வாசிக்கிறவர்கள், பாடுகிறவர்கள். இருக்கை விஷயத்தில் மட்டும் இந்த அலட்சியம். போன வாரம் புதுப்பிப்புக் கடிதம் வந்தது. அதே இருக்கை, குறைந்த விலை, கொயர் இரவுகளைப் பற்றி இந்த முறையும் ஒரு வார்த்தை இல்லை.

நண்பருக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், நானும் புதுப்பிக்கவில்லை. ஹார்ன் அதிகம் வரும் இரவுகளுக்கு மட்டும் பின்புறம் தனி டிக்கெட் எடுத்துக்கொள்வேன். யாராவது பாடினால் முழு விலை கொடுத்து முன்பக்கம்.