6 மடங்கில் கட்டி 3.5-ல் வாங்கிய கதை

மூன்று மாதமாக ஒரு குதிரைப் பந்தயச் செயலியில் டோட், அதாவது எல்லோர் பணத்தையும் சேர்த்து ஜெயித்தவர்களுக்குப் பங்கிடும் முறையில், கட்டி வருகிறேன். பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகும் குறை அது ஒன்றுக்கு மட்டும் உரியதில்லை.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு குதிரையின் பழைய ஓட்டமும் காணொளியாக இருக்கிறது. கடைசி 600 மீட்டரை எத்தனை விநாடியில் ஓடியது என்பதும் உண்டு. போன தடவை பின்தங்கிய குதிரை வழி கிடைக்காமல் மாட்டிக்கொண்டதா, நிஜமாகவே களைத்துப்போனதா என்று கண்ணால் பார்த்துக்கொள்ளலாம். ரேஸ் புத்தகத்தில் பென்சிலால் வட்டம் போட்டுப் பழகியவனுக்கு இது பெரிய வரம்.

அப்புறம் வந்தது அந்தப் பந்தயம். கேட் திறக்க அரை நிமிடம் இருக்கும்போது 6 மடங்கு என்று காட்டிய குதிரைமேல் கட்டினேன். ஜெயித்தது. ஆனால் அது வளைவில் திரும்பும்போதே திரையில் 3.5 என்று மாறியிருந்தது. கைக்கு வந்ததும் அதுதான். மோசடி ஒன்றும் இல்லை. டோட்டில் எல்லோர் பணமும் ஒரே பூலில் விழும். கமிஷன் போக மிச்சத்தை ஜெயித்த டிக்கெட்டுகள் பங்கிட்டுக்கொள்ளும். கணினி வைத்துப் பெருந்தொகை கட்டுகிறவர்கள் கடைசி விநாடிகளில் இறங்கினால் நம் பங்கு சுருங்கிவிடும். சரி, கணக்கு புரிகிறது. ஆனால் புதிதாக வருகிறவன் இதை ஒருமுறை பார்த்தால் அடுத்த தடவை கால்பந்துக்குப் போய்விடுவான். அங்கே கட்டும்போது பார்த்த விலைதான் கடைசிவரை. நிறுவனம் வைத்துக்கொள்வதும் பெரிய ஆட்டங்களில் நூற்றுக்குச் சுமார் 5. அமெரிக்கக் குதிரைப் பந்தயங்களின் வின் பூலில் (முதலில் வரும் குதிரைமேல் கட்டும் பணத்தில்) பொதுவாக 15-க்கு மேல் பிடிக்கிறார்கள். மூன்று குதிரைகளை வரிசையாகச் சொல்லும் பந்தயங்களில் இன்னும் அதிகம். கூட்டம் ஏன் குறைகிறது என்று கேட்பவர்கள் முதலில் இதைப் பார்க்கட்டும்.

இத்தனைக்கும் புதுமைக்குப் பேர்போன தொழில் இது. ஜார்ஜ் ஜூலியஸ் என்ற பொறியாளர் தேர்தலில் ஓட்டு எண்ணுவதற்காக யோசித்த இயந்திரம் அதற்கு விலைபோகாமல், 1913-ல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் எல்லர்ஸ்லி பந்தய மைதானத்தில் கம்பியும் கப்பியுமாக டோட் கணக்குப் போட்டது. 2000-ல் வந்த பெட்ஃபேர் என்ற இணையதளம் பந்தயம் கட்டுபவர்களையே எதிரெதிரே நிறுத்தியது. ஒத்துக்கொண்ட விலை அப்படியே நிற்கும், ஜெயித்த தொகையில்தான் கமிஷன். இரண்டும் பணம் புழங்கும் முறையிலேயே கைவைத்தவை. நான் வைத்திருக்கும் செயலியோ பழைய கவுன்ட்டரை அப்படியே கைப்பேசிக்குள் உட்காரவைத்திருக்கிறது. வரிசையில் நிற்க வேண்டாம், அவ்வளவுதான்.

போன வாரம் புதுப்பிப்பு வந்தது. கட்டும்போதே விலையைப் பூட்டும் வசதி தந்திருப்பார்கள் என்று ஆவலாகத் திறந்தேன். ஜெயித்தால் திரையில் வண்ணக் காகிதம் பறக்கிறது.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். இரண்டும் அந்தக் காணொளிகளுக்கு.