காலண்டரை வீட்டோடு இணைக்க எது நல்லது: கூகுள் இணைப்பா, கால்டாவா, ஐசிஎஸ் முகவரியா?

வீட்டு விளக்கு, ஹீட்டர் போன்றவற்றைத் தானாக இயக்கும் மென்பொருளான ஹோம் அசிஸ்டன்டுக்குள் ஆன்லைன் காலண்டரைக் கொண்டுவர மூன்று வழிகள் உண்டு: கூகுள் காலண்டருக்கான நேரடி இணைப்பு, காலண்டர் சர்வர்களோடு பேசும் பொது நெறிமுறையான கால்டாவ், ஐசிஎஸ் முகவரியை (காலண்டரைக் கோப்பாகத் தரும் இணைய முகவரி) படிக்கும் ரிமோட் காலண்டர். எதை எடுத்தாலும் கடைசியில் கிடைப்பது ஒரே மாதிரியான காலண்டர் எண்டிட்டிதான் (ஹோம் அசிஸ்டன்ட் நிலையைக் கவனிக்கும் ஒரு பொருள்). நிகழ்வு நடக்கும்போது ஆன், மற்ற நேரம் ஆஃப். ஆட்டோமேஷன் ('இது நடந்தால் அதைச் செய்' என்ற விதி) எழுதுவதிலும் வித்தியாசம் கிடையாது. அதனால் வசதிகளை வரிசையாக அடுக்கி ஒப்பிட்டுப் பயனில்லை. யாரும் தொடாமல் விட்டால் இணைப்பு எவ்வளவு காலம் ஓடும் என்பதைத்தான் பார்க்க வேண்டும். அந்தக் கணக்குப் பார்த்து நான் எடுத்தது ஐசிஎஸ்.

கூகுள் நேரடி இணைப்பு

ஆரம்ப வேலை இதில்தான் அதிகம். கூகுள் க்ளவுட் கன்சோலில் ஒரு ப்ராஜெக்ட் உருவாக்கி, காலண்டர் ஏபிஐயை (வெளி மென்பொருள் காலண்டரை அணுகும் வழி) இயக்கி, அனுமதி கேட்கும் கன்சென்ட் ஸ்க்ரீனை நிரப்பி, உள்நுழைவு அனுமதிக்கான ஓஆத் க்ளையன்ட் ஒன்று எடுத்து, அதன் ஐடியையும் சீக்ரெட்டையும் ஹோம் அசிஸ்டன்டில் கொடுக்க வேண்டும். சீக்ரெட்டை உருவாக்கும்போதே நகலெடுத்து வையுங்கள். பிறகு கன்சோலில் அது முழுதாகத் தெரியாது.

பலர் சிக்கிக்கொள்வது கன்சென்ட் ஸ்க்ரீனில். புதிய ஆப் 'டெஸ்டிங்' நிலையில்தான் தொடங்கும். அந்த நிலையில் கிடைக்கும் ரிஃப்ரெஷ் டோக்கனுக்கு (அனுமதியைத் தொடர்ந்து நீட்டிக்க உதவும் சாவி) 7 நாள்தான் ஆயுள். முதல் வாரம் எல்லாம் சரியாக ஓடும், எட்டாம் நாள் காலண்டர் செத்திருக்கும். ஆப்பை 'ப்ரொடக்‌ஷன்' நிலைக்கு மாற்றினால் இது தீரும். ஆனால் மாற்றுவதற்கு முன்பு வாங்கிய டோக்கன் பழைய ஆயுளோடுதான் இருக்கும் என்பதால், மாற்றிய பிறகு ஹோம் அசிஸ்டன்டில் மறுபடி ஒருமுறை அனுமதி கொடுத்தாக வேண்டும். அப்போது 'இந்த ஆப்பை கூகுள் சரிபார்க்கவில்லை' என்ற எச்சரிக்கை வரும். அது நீங்களே உருவாக்கிய ஆப், தாண்டிப் போகலாம்.

இவ்வளவும் சரியாகச் செய்தால் நன்றாகவே ஓடும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை தானே புதுப்பித்துக்கொள்ளும், கணக்கில் உள்ள காலண்டர்களை மொத்தமாகக் கொண்டுவரும், அனுமதித்தால் வீட்டிலிருந்தே புதிய நிகழ்வையும் எழுதும். ஆனால் வீட்டு விளக்கை எரிய வைப்பதற்காக ஒரு க்ளவுட் ப்ராஜெக்டை ஆண்டுக்கணக்கில் கட்டிக் காப்பது எனக்கு அதிகச் சுமையாகத் தெரிகிறது.

கால்டாவ்

நெக்ஸ்ட்க்ளவுட் (சொந்தமாக நடத்தக்கூடிய க்ளவுட் சர்வர் மென்பொருள்) ஏற்கனவே வைத்திருப்பவர் யோசிக்கவே வேண்டாம், இதை எடுக்கலாம். சர்வர் முகவரி, பயனர் பெயர், ஆப்புக்கென்று தனியாக எடுத்த பாஸ்வேர்ட், அவ்வளவே. இதுவும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும். ஐக்ளவுடுக்கும் பொருந்தும், ஆனால் ஆப்பிள் கணக்கின் முதன்மைப் பாஸ்வேர்டை மாற்றினால், ஆப்களுக்காக எடுத்த பாஸ்வேர்டுகள் எல்லாம் அந்த நிமிடமே ரத்தாகிவிடும். கூகுள் கணக்குக்கு இந்த வழி கிடையாது, வெறும் பாஸ்வேர்டில் கூகுள் உள்ளே விடாது. நெக்ஸ்ட்க்ளவுட் தவிர்த்த சர்வர்களில் என் பழக்கம் குறைவு, அதனால் இதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஐசிஎஸ் முகவரி

ரிமோட் காலண்டர் என்ற பெயரில் இந்த வசதி ஹோம் அசிஸ்டன்டின் 2025.4 பதிப்பில் வந்தது. டோக்கன் இல்லை, பாஸ்வேர்ட் இல்லை, காலாவதி இல்லை. நீங்களாக முகவரியை ரீசெட் செய்தாலொழிய இணைப்பு அறுந்துபோக அனுமதிச் சிக்கல் காரணமாகாது.

முதலில் கூகுள் காலண்டரில் 'வீடு' என்று தனியாக ஒரு காலண்டர் உருவாக்குங்கள். சொந்தச் சந்திப்புகள் நிறைந்த முதன்மைக் காலண்டரை இணைக்க வேண்டாம். ஐசிஎஸ் முகவரி யார் கையில் கிடைத்தாலும் அவர் அந்தக் காலண்டரைப் படித்துவிடலாம். 'ஹீட்டர்', 'வெளி விளக்கு' மட்டும் உள்ள காலண்டர் என்றால் கசிந்தாலும் இழப்பு குறைவு. ரீசெட் செய்தால் பழைய முகவரி செல்லாது. 'வெளியூர்' போன்ற தலைப்பை மட்டும் இதில் வைக்காதீர்கள், வீடு பூட்டிக் கிடக்கும் தேதிகளை அது காட்டிக்கொடுக்கும்.

பிறகு கணினி ப்ரவுசரில் காலண்டர் செட்டிங்ஸைத் திறந்து, அந்தக் காலண்டரின் பெயரைச் சொடுக்கி, 'இன்டக்ரேட் காலண்டர்' பகுதிக்கு இறங்குங்கள். அங்கே 'பப்ளிக் அட்ரஸ்' என்றும் 'சீக்ரெட் அட்ரஸ்' என்றும் இரண்டு ஐகால் முகவரிகள் இருக்கும். எடுக்க வேண்டியது இரண்டாவதை. ஹோம் அசிஸ்டன்டில் 'ரிமோட் காலண்டர்' சேர்த்து, பெயரையும் முகவரியையும் ஒட்டினால் முடிந்தது.

இதன் பெரிய குறை, தானாகப் புதுப்பிப்பது 24 மணி நேரத்துக்கு ஒருமுறைதான். இன்று சேர்த்த நிகழ்வு நாளைதான் தெரியும் என்றால் யாருக்கும் உதவாது. தீர்வு எளிது: 'டைம் பேட்டர்ன்' ட்ரிகரில் (ஆட்டோமேஷனைத் தொடங்கி வைக்கும் தூண்டல்) நிமிடத்துக்கு /15 என்று, அதாவது 15 நிமிடத்துக்கு ஒருமுறை என்று கொடுத்து, 'அப்டேட் எண்டிட்டி' ஆக்‌ஷனை அந்தக் காலண்டர் மேல் ஓடவிடும் ஆட்டோமேஷன் ஒன்று போதும். ஆனாலும் காலண்டர் ட்ரிகர் தன் பங்குக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறைதான் வரப்போகும் நிகழ்வுகளைப் பார்க்கிறது. இரண்டு இடைவெளிகளும் சேர்ந்துவிடலாம் என்பதால், புதிய நிகழ்வை அரை மணி நேரத்துக்கு மேல் முன்கூட்டியே போடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து என்று ஒரு நிகழ்வைப் போட்டுச் சோதித்துவிட்டு 'வேலை செய்யவில்லை' என்று முடிவுகட்டுவது பெரும்பாலும் இதனால்தான்.

சில சர்வர்கள் தரும் ஐசிஎஸ் கோப்பில் நேர மண்டலப் பெயர்கள் தரப்படி இருக்காது. அப்போது சேர்க்கும்போதே பிழை காட்டலாம், நம் பக்கம் செய்ய அதிகம் இல்லை. கூகுள் அலுவலகக் கணக்குகளில் நிர்வாகி வெளிப் பகிர்வைக் கட்டுப்படுத்தியிருந்தால் ரகசிய முகவரியே கிடைக்காது. எழுதும் வசதியும் இதில் இல்லை. வீடே காலண்டரில் நிகழ்வு பதிய வேண்டும் என்பவருக்கு கூகுள் நேரடி இணைப்புதான் சரி.

எந்த வழியானாலும் கவனிக்க வேண்டியவை

எண்டிட்டி ஆன், ஆஃப் என்று மாறுவதை ட்ரிகராக வைக்காதீர்கள். 6 மணிக்கு ஒன்று முடிந்து 6 மணிக்கே அடுத்தது தொடங்கினால் நிலை ஆனிலேயே நிற்கும், இரண்டாவது நிகழ்வு கவனிக்கப்படாமல் போகும். காலண்டர் ட்ரிகரில் ஸ்டார்ட், எண்ட் என்று தனித்தனியாக எடுங்கள். ஆட்டோமேஷன் மோடு 'சிங்கிள்' (ஒன்று ஓடும்போது அடுத்ததை ஏற்காது) வேண்டாம், 'க்யூட்' (வரிசையில் நிறுத்தி ஒவ்வொன்றாக ஓட்டும்) என்று வையுங்கள்; ஒரே நேரத்தில் இரண்டு நிகழ்வு தொடங்கினாலும் இரண்டும் ஓடும். நாள் முழுவதும் என்று குறித்த நிகழ்வு நள்ளிரவு 00:00-க்கே தொடங்கிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும்.

தலைப்பைத் தமிழில் எழுதி அதை வைத்து வடிகட்டும்போது ஒரு நுணுக்கம் உண்டு. 'மோட்டார்' என்பதில் உள்ள 'மோ'வை யூனிகோடில் (கணினி எழுத்துகளைச் சேமிக்கும் தரம்) இரண்டு விதமாகப் பதியலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியாக, அல்லது முன்னும் பின்னும் வரும் இரண்டு குறிகளாக. திரையில் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் ஒப்பிட்டால் பொருந்தாது. எந்தக் கீபோர்டில் நிகழ்வை எழுதுகிறீர்களோ, அங்கிருந்தே நகலெடுத்து ஆட்டோமேஷனில் ஒட்டுங்கள். முழுத் தலைப்பும் சமமா என்று பார்க்காமல், அந்தச் சொல் தலைப்புக்குள் இருக்கிறதா என்று பார்த்தால் கடைசியில் ஒட்டிய இடைவெளியும் தொல்லை தராது.

ஹீட்டர், மோட்டார் போன்றவற்றைக் காலண்டரை மட்டும் நம்பி விடக்கூடாது. நிகழ்வு முடியும் நொடியில் ஹோம் அசிஸ்டன்ட் ரீஸ்டார்ட் ஆகிக்கொண்டிருந்தால் அந்த எண்ட் ட்ரிகர் பிறகு வராது. ஹோம் அசிஸ்டன்ட் தொடங்கும்போது காலண்டர் ஆஃப் என்றால் சுவிட்சை அணைக்கும் ஆட்டோமேஷன் ஒன்றையும், காலண்டர் ஒரு மணி நேரம் 'அன்அவெய்லபிள்' (தொடர்பு கிடைக்கவில்லை) என்றிருந்தால் போனுக்குச் செய்தி அனுப்பும் ஆட்டோமேஷன் ஒன்றையும் சேர்த்தே எழுதிவிடுங்கள்.